நாட்டு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள், பதிலை எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் பலருக்கு வீட்டில் நாட்டு மருந்தும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. வார்டில் இது பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரியும், ஆயாவுக்குத் தெரியும். சிகிச்சை தரும் மருத்துவருக்கு மட்டும் தெரியாது. ரவுண்ட்ஸ் வருகிறது என்றதும் கஷாய பாட்டில் துணிப்பைக்குள் போய்விடும். திட்டு விழும் என்ற பயம்தான் காரணம். ஏற்கெனவே பிள்ளையைப் பற்றிய பயத்தில் இருக்கும் பெற்றோருக்கு இந்தப் பயத்தையும் நம் மருத்துவமனைகள் சேர்த்துக் கொடுத்திருக்கின்றன.

நாங்கள் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளோடு தொடர்புள்ள மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், சித்த மருத்துவர் என நால்வர். அலோபதியா சித்தாவா என்ற பட்டிமன்றத்துக்காக இதை எழுதவில்லை. எங்கள் கோரிக்கை இதுதான்: குழந்தை வார்டுக்கு வரும் முதல் நாளிலும் அதன்பின் ஒவ்வொரு வருகையிலும் ‘வீட்டில் வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்’ என்று கேட்டு, பதிலைச் சிகிச்சைப் புத்தகத்தில் எழுதுவது கட்டாயமாக வேண்டும்.

இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை நடக்கும். அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்தபடிதான்: தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மெதோட்ரெக்சேட் மாத்திரை. இரண்டுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. இதற்கிடையே ‘எதிர்ப்பு சக்திக்கு’ என்று யாரோ சொல்ல, சீந்தில் கஷாயமும் உள்ளே போகிறது. கொரோனா காலத்தில் மும்பையிலும் வேறு நகரங்களிலும் சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் சுமார் 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு) 500-ஐத் தாண்டி நிற்கிறது. கஷாயம் பற்றி அறியாத மருத்துவர் யாரைச் சந்தேகிப்பார்? மெர்காப்டோபியூரினைத்தான். மாத்திரையை நிறுத்துவார், அளவு இறங்கியதும் பாதி டோஸில் தொடங்குவார். வீட்டில் கஷாயம் தொடரும், எஸ்.ஜி.பி.டி. மறுபடி ஏறும், மாத்திரை மறுபடி நிற்கும். இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்ததில் 95 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆக, கஷாயத்தால் கல்லீரல் கெட்டது ஒரு பக்கம்; கஷாயம் குற்றவாளி என்று தெரியாததால் புற்றுநோய் மருந்து குறைந்தது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் குழந்தையின் உயிருக்குப் பெரிய ஆபத்து.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முறைத்துக்கொண்டு, “நாட்டு மருந்து ஏதாச்சும் குடுக்குறீங்களா?” என்றால், “அய்யோ, இல்லைங்க டாக்டர்” என்ற பதில்தான் வரும். “நிறைய வீட்ல கஷாயம், பொடி, லேகியம்னு குடுப்பாங்க. நீங்க பாப்பாவுக்கு என்னம்மா குடுக்குறீங்க? நாங்க போடுற ஊசியோட அது ஒத்துப்போகுமான்னு பார்க்கத்தான் கேக்குறேன்” என்று உட்கார்ந்து கேட்டால் பாட்டில் வெளியே வரும். அம்மாவிடம் கேட்டதோடு நிறுத்தக் கூடாது. பாட்டியிடமும் கேட்க வேண்டும். பல வீடுகளில் மருந்து அரைப்பது பாட்டிதான்.

பதிலை ‘நாட்டு மருந்து உண்டு’ என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. பெயர் என்ன, யார் கொடுத்தது, இலையா பொடியா செந்தூரமா, பச்சையாக அரைத்ததா கொதிக்க வைத்ததா, ஒரு வேளைக்குப் பாலாடை அளவா கால் டம்ளரா, என்றைக்கு ஆரம்பித்தது, கடைசியாக எப்போது கொடுத்தது என்று எழுத வேண்டும். பாக்கெட்டையே கொண்டு வரச் சொல்லி, லேபிளையும் பேட்ச் எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. பிறகு பதில் சொல்லியாக வேண்டும்: தொடரலாம், அல்லது இன்ன தேதி வரை நிறுத்துங்கள், அல்லது கூடவே கூடாது. காரணத்தோடு சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் ‘கூடாது’ என்றே சொல்லும் மருத்துவரிடம் அடுத்த முறை உண்மை வராது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் உலகில் 19 வயது வரையுள்ள சுமார் 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. 2030-க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதமாக்க வேண்டும் என்று 2018-ல் அந்நிறுவனம் இலக்கு வைத்தது. இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றில் மூன்று இடங்களில் நாட்டு வைத்தியம் வந்து தொடுகிறது: தாமதமாக வருவது, சிகிச்சையின்போது நேரும் கோளாறுகள், பாதியில் விட்டுவிட்டுப் போவது.

முதலில் தாமதம். குழந்தையின் வயிறு ஒரு பக்கம் உப்பினால் மாந்தம் என்பார்கள், தொக்கம் எடுப்பார்கள், விளக்கெண்ணெய் தேய்த்து நீவி விடுவார்கள். அது சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியாக இருந்தால் அந்த அழுத்தத்தில் கட்டி உடையக்கூடும். உடைந்து வயிற்றுக்குள் சிந்திவிட்டால் நோய் மூன்றாம் நிலைக்குப் போய்விடும். அறுவையும் கீமோவும் போதுமாயிருந்த குழந்தைக்கு வயிற்றுக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். இதனால்தான் பல வார்டுகளில் இக்குழந்தைகளின் கட்டிலில் ‘வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்’ என்று அட்டை தொங்கும். பயிற்சி மருத்துவரையே தொடவிடாத வயிற்றை நீவ விடலாமா?

வளரும் வயதுப் பிள்ளைக்கு முழங்கால் அருகில் வலியும் வீக்கமும் வந்தால் விளையாட்டில் அடிபட்டது என்று கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். சாதாரண அடி இரண்டு மூன்று வாரத்தில் குறையும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் என்றால் ஓர் எக்ஸ்-ரே எடுக்காமல் எண்ணெய் போட்டுத் தேய்க்கவோ இழுத்துக் கட்டவோ கூடாது. எலும்புப் புற்றாக இருந்தால் தேய்த்தலும் இழுத்தலும் எலும்பை முறிக்கலாம், நோயைப் பரப்பலாம்; காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்க வேண்டிய நிலை வரலாம். அனுபவமுள்ள கட்டு வைத்தியர்கள் பலர் இப்போது படம் எடுத்து வரச் சொல்கிறார்கள். மற்றவர்களும் அதைப் பின்பற்ற வேண்டும்.

கண் விஷயமும் இப்படித்தான். கருவிழி நடுவே வெள்ளையாக, பூனைக்கண் போல மின்னினால் தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட்டு நாளைக் கடத்தக் கூடாது. அது விழித்திரைப் புற்றாக இருக்கலாம். நோய் கண்ணுக்குள் இருக்கும்வரை, நல்ல மையத்தில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் காப்பாற்றிவிடலாம். கண்ணைத் தாண்டி நரம்பு வழியே மூளைப் பக்கம் போய்விட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

சிகிச்சை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் அதிகம். கீமோவுக்குப் பிறகு சுமார் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ‘கவுன்ட்’, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கும். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் 500-க்குக் கீழே போனால் குழந்தையின் வாய், குடல், தோல் எல்லாமே திறந்து கிடக்கும் வாசல்கள். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே முறை 101-ஐத் தொட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்; போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். டெங்கு காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்த ஊர் இது. காய்ச்சல் என்றதும் கை தானாக அந்தப் பொடியைத் தேடும். கீமோவில் இருக்கும் குழந்தைக்கு அதைக் காய்ச்சி, வடிகட்டி, குடிக்க வைத்து, ‘விடியட்டும் பார்ப்போம்’ என்று காத்திருக்கும் இரவில் கிருமி ரத்தத்தில் பெருகிவிடும். பாராசிட்டமாலும் அப்படியே, காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது.

மலச்சிக்கல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் புத்தகமும் இதை நம் வீட்டு வழக்கத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை. வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி குடலின் நரம்புகளை மந்தமாக்கும். ஊசி போட்ட சில நாட்களில் குழந்தைக்கு மலம் இறுகும். உடனே கைக்குழந்தைக்குச் செய்வதுபோல வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பார்கள், அல்லது சோப்புத் துண்டு வைப்பார்கள், அல்லது எனிமா. கவுன்ட் குறைந்த குழந்தைக்கு ஆசனவாய் வழியாக எதுவுமே கூடாது, தெர்மாமீட்டர்கூட வைப்பதில்லை. காம்பின் நுனி கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போட்டால் போதும், குடல் கிருமி நேரே ரத்தத்தில் கலந்துவிடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறைந்திருந்தால் ரத்தக் கசிவும் சேரும். விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் நீரும் பொட்டாசியமும் போய்விடும். மருத்துவமனையில் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப்பை ஊசி போட்ட நாளிலிருந்தே தொடங்கினால் இந்த நிலை வருவது குறையும். நிலாவரையைப் பொறுத்தவரை, அதன் சத்துதான் ஆங்கில மருந்துக் கடையில் சென்னா மாத்திரையாக இருக்கிறது. வேண்டுமென்றால் அளவு தெரிந்த அந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பப்பாளி இலைச் சாறு. தட்டணு குறைந்தால் இதைக் கொடுப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. டெங்குவில் இதைப் பற்றிச் சில ஆய்வுகள் உண்டு. கீமோவில் தட்டணு குறைவது வேறு காரணத்தால்: உற்பத்தி நடக்கும் எலும்பு மஜ்ஜையையே மருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறது. மூன்றாவது வாரத்தில் மஜ்ஜை தானாக விழித்துக்கொள்ளும், தட்டணு ஏறும்; அந்தச் சமயம் குடித்த சாற்றுக்குப் பெயர் கிடைத்துவிடும். பச்சை இலையை அரைத்துக் கொதிக்க வைக்காமல் கொடுப்பதால் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கிருமிகளும் பூஞ்சையும் சேர்ந்தே போகும். அருகம்புல் சாறு, கோதுமைப்புல் சாறு எல்லாவற்றுக்கும் இதே ஆட்சேபம். தெருவில் கறந்து சங்கில் ஊற்றிக் கொடுக்கும் கழுதைப்பாலுக்கும் இதுவேதான். காய்ச்சாத எந்தப் பாலும் இக்குழந்தைகளுக்கு ஆகாது. தட்டணு 10,000-க்குக் கீழே போனால் தட்டணு ஏற்றுவார்கள். அதற்கு ரத்த தானம் செய்ய உறவினர்களை அழைத்து வருவதுதான் வீட்டார் செய்யக்கூடிய பெரிய வைத்தியம்.

அதிமதுரம் இருமலுக்கு நல்லது என்று சப்பக் கொடுப்பார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குத் தினமும் கொடுத்தால் உப்பைத் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். ஆம்போடெரிசின் போன்ற பூஞ்சை மருந்து ஏறும் நாட்களில் பொட்டாசியம் ஏற்கெனவே அதலபாதாளத்தில் இருக்கும். அப்போது இதயத்துடிப்பே தடுமாறலாம். ஸ்டீராய்டும் அஸ்பராஜினேஸ் ஊசியும் சேர்ந்து நடக்கும் முதல் மாதத்தில் லேகியம் வேண்டாம். சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் அந்த மருந்துகளாலேயே ஏறும், கணையம் வீங்கும் அபாயமும் உண்டு. வெல்லமும் நெய்யும் கலந்த லேகியம் அதற்கு உதவி செய்துவிடும். மிளகு, மஞ்சள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ரசத்தில் போடும் மிளகும் குழம்பில் போடும் மஞ்சளும் ஒன்றும் செய்யாது, தாராளமாகப் போடுங்கள். மஞ்சளின் சத்தையும் மிளகின் சத்தையும் சேர்த்து விற்கும் கேப்சூல் வேறு. மருந்துகளைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேலையை மிளகுச் சத்து மந்தமாக்கக்கூடும். போட்ட ஊசியின் வீரியம் கணக்கைத் தாண்டிவிடலாம்.

உயர் அளவு மெதோட்ரெக்சேட் ஏறும் நாட்களில் வெளி மருந்து எதுவுமே வேண்டாம். சிறுநீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கு மேல் இருந்தால்தான் மருந்து கரைந்து வெளியேறும். புளிப்பேற்றும் வைட்டமின் சி மாத்திரைகூட அதைக் கெடுக்கும். மருந்து சிறுநீரகத்தில் படிந்துவிட்டால் நாட்கணக்கில் உடம்பை விட்டுப் போகாது.

பற்பம், செந்தூரம், மெழுகு வகைகளைப் பற்றி எங்களில் உள்ள சித்த மருத்துவரின் கருத்து இது: ரசம் (பாதரசம்), கந்தகம், பாஷாணம் (ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்) சேர்ந்தவற்றைக் கீமோ எடுக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். கீமோ மருந்துகளான சிஸ்பிளாட்டினும் ஐபோஸ்பமைடும் அதே சிறுநீரகத்தைத்தான் தாக்கும். சரியாக முடிக்காத மருந்தில் ஈயம் இருந்தால் வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை வரும். மூன்றும் கீமோவின் பக்கவிளைவுகள்தானே என்று வார்டில் யாரும் ஈயத்தைத் தேட மாட்டார்கள். தாவர மருந்துகளுக்கே ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று வரம்பு இருக்கிறது. லேபிள் இல்லாத பொட்டலத்தில் அதை யார் பார்த்தார்கள்? புற்றுநோய்க்கென்று கொடுக்கப்படும் சேராங்கொட்டை மருந்துகள் தோலைக் கொப்புளிக்க வைக்கும். கவுன்ட் குறைந்த குழந்தைக்கு அந்தக் கொப்புளமே கிருமியின் நுழைவாயில்.

அம்மை போட்டால் மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்ற வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் கீமோவில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரையே எடுத்துவிடும். முதல் கொப்புளம் கண்ட அன்றே அசைக்ளோவிர் ஊசி தொடங்க வேண்டும். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், அம்மனுக்குக் கூழும் ஊற்றுங்கள். குழந்தையை அன்றே அழைத்து வந்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டு, குழந்தை அவர்களோடு இருந்திருந்தாலும் சொல்லுங்கள். கூடுமானவரை 4 நாட்களுக்குள் தடுப்பு எதிர்ப்புரத ஊசி போட முடியும்.

கொடுக்கக்கூடியவையும் உண்டு. சுக்கைப் பற்றி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எலும்புப் புற்றுக்குக் கீமோ எடுத்த சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. வாந்தி நிறுத்தும் வழக்கமான மருந்துகளோடு இஞ்சிப் பொடி கேப்சூலும் கொடுத்தபோது குமட்டலும் வாந்தியும் குறைந்தன. 20 முதல் 40 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 கிராம், 40 முதல் 60 கிலோவுக்கு 2 கிராம், பிரித்துப் பிரித்து. வாந்தி நிறுத்தும் ஒன்டான்செட்ரானுக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. தட்டணு மிகக் குறைந்திருக்கும் நாட்களில் நிறுத்திவிட வேண்டும். வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் கொதித்தாறிய நீரில் அரை டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் ஆப்பசோடாவும் கலந்து நாளைக்கு நாலைந்து முறை கொப்பளிக்கலாம். மணத்தக்காளிக் கீரையை நன்றாக வேக வைத்துக் கொடுக்கலாம். மாசிக்காயைக் கல்லில் உரைத்துப் புண்ணில் தடவுவது வேண்டாம். கல்லின் அழுக்கு திறந்த புண்ணில் சேரும். கவுன்ட் 500-க்குக் கீழே இருக்கும்போது பழைய சோறும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எப்போதுமே கூடாது. கைகால்களை மெதுவாகப் பிடித்துவிடுவது, மூச்சுப் பயிற்சி, பாட்டு, சாமி கயிறு, திருநீறு எதற்கும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கயிறு மட்டும் ஊசிக் குழாய் இருக்கும் கையில் வேண்டாம். குழாய் வாயில் மஞ்சளோ வேப்பிலையோ பூசவும் வேண்டாம்.

பாதியில் விட்டுப் போவதுதான் மிகவும் வலிக்கிற விஷயம். தொடர்ந்து 4 வாரம் சிகிச்சைக்கு வராவிட்டால் கைவிட்டதாகக் கணக்கு. ஏ.எல்.எல். குழந்தைகள் பலர் முதல் மாத முடிவில்தான் நின்றுபோகிறார்கள். நோய் கண்டறியும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கலாம். முதல் மாதக் கீமோவில் நூற்றில் 95 குழந்தைகளுக்கு மைக்ரோஸ்கோப்பில் நோய் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். குழந்தை சாப்பிடுகிறது, ஓடுகிறது. ஆனால் அப்போதும் ஆயிரம் கோடி அணுக்கள் வரை ஒளிந்திருக்கலாம். மிச்சமுள்ள இரண்டு ஆண்டுச் சிகிச்சை அவற்றுக்காகத்தான். இந்த நேரத்தில் ‘இனிமேல் கீமோ வேண்டாம், நம்ம மருந்தே போதும்’ என்று ஒருவர் சொன்னால், முடி கொட்டிய பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அழுத வீடு நம்பத்தான் செய்யும். சில மாதம் குழந்தை நன்றாகவே இருக்கும். அந்த மாதங்கள் அவருக்கு விளம்பரமாகிவிடும். நோய் திரும்பும்போது வீரியம் கூடித் திரும்பும். சாட்சி சொல்ல அந்தக் குடும்பம் யாரிடமும் போவதில்லை.

குடும்பங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காப்பீட்டுத் திட்டம் மருந்துச் செலவை ஏற்கும். பஸ் கட்டணத்தையும் இரண்டு பேரின் கூலி இழப்பையும் ஏற்காது. பிரேசிலின் வறுமை மிகுந்த பகுதியிலுள்ள ரெசிஃபே நகரில் தங்குமிடம், பயணச் செலவு, உணவு, சமூகப் பணியாளர், பயிற்சி பெற்ற செவிலியர் என்று ஏற்பாடு செய்தார்கள். 1980-களில் 16 சதவீதமாக இருந்த கைவிடல் 0.5 சதவீதமானது, நோய் திரும்பாமல் 5 ஆண்டு கடந்தவர்கள் 32 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தார்கள். இங்கேயும் வராத குழந்தைக்கு மறுநாளே போன் போட ஓர் ஆள் இருந்தால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

‘இங்கிலீஷ் மருந்து விஷம், மூலிகை இயற்கை’ என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. வின்கிரிஸ்டின் நம் ஊர்க் கல்லறைகளிலும் வேலியோரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. ஒரு கிராம் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை; அளவு உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம், எவ்வளவு பெரிய பிள்ளையானாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கிடையாது. ஏ.பி.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றுக்கு ஆர்சனிக்கைக் கொண்டு வந்தது 1970-களில் சீனாவின் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள், நாட்டு மருந்து ஒன்றிலிருந்து. 20 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 3 மில்லிகிராம், கூடவே இ.சி.ஜி.யும் பொட்டாசிய அளவும் பார்த்துப் பார்த்து. மூலிகையும் பாஷாணமும் இப்படி அளந்து சோதித்த பிறகு மருந்தாயின. அதே நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்து, ஊசி போட்ட வாரத்திலேயே குடிக்கக் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

அரசுக்கு எங்கள் வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பதல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. சித்தப் பிரிவின் சீட்டில் ‘கீமோ நடக்கிறதா’ என்ற ஒரு கட்டம், புற்றுநோய்ச் சிகிச்சைப் புத்தகத்தில் ‘வேறு மருந்து’ என்று ஒரு பக்கம், இரு பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ‘கொடுக்கலாம், கூடாது’ பட்டியல் ஒன்று போதும். பாதிப்பு நேர்ந்தால் தெரிவிக்க ஆயுஷ் மருந்துகளுக்கான கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் ஒரு மையம். சீந்திலால் ஏறிய எஸ்.ஜி.பி.டி.யை அங்கே தெரிவிக்கும் பழக்கம் நம் வார்டுகளில் வர வேண்டும். கிராமத்து வைத்தியர்களுக்கும் கட்டு வைத்தியர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்து, விடாத காய்ச்சல், வெளிறல், காரணமில்லாத நீலத் திட்டு, காலையில் தலைவலியோடு வாந்தி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, வெள்ளைக் கண் ஆகியவற்றைக் கண்டால் உடனே அனுப்பச் சொல்லலாம். அனுப்பியவர் பெயரை நன்றியோடு புத்தகத்தில் எழுதினால் அடுத்த குழந்தையையும் அனுப்புவார்.

தங்களுக்கும் சக நாளிதழ்களுக்கும் ஒரு வேண்டுகோள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. வெளியிடுவதில் பங்கெடுப்பதும் அதில் சேரும். ‘ஆபரேஷன் இல்லாமல், கீமோ இல்லாமல்’ என்ற வாசகத்தோடு வரும் விளம்பரங்களை, வரி விளம்பரமாக இருந்தாலும் ஆன்மிக இணைப்பிதழில் வருவதாக இருந்தாலும், வாங்காமல் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய்ச் சிகிச்சையில் பணிபுரியும் நால்வர்,
மதுரை.